தோ வருது

இடது காலுக்கு சாக்ஸ் சுலபமாக ஏறிவிட்டது. வலது கால்தான் அடம்பிடித்தது. இரண்டு மாதமாக நீர் கோத்து வீங்கிய கால். உயிர் போய் மூன்று மணி நேரமாகியும் வீக்கம் வற்றவில்லை. அக்னஸ் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, குதிகாலைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலிலிருந்து நாத்தனார் சூசை மேரி குரல் கொடுத்தாள். "அக்னஸு, ஜல்தியா ஆவட்டும். ஐஸ் பெட்டிக்காரன் வந்து நின்னுக்கினு இருக்கான். மூணு மணிக்குப் பூசைன்னு சாமியார் சொல்லி அனுப்பிட்டாரு."

"ஆயிடுச்சுக்கா."

ஆகவில்லை. குதிகாலில் சிக்கிய சாக்ஸைப் பிடித்தபடி அவள் சவுரிராயனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. பஸ் ஓட்டி ஓட்டி வலது கன்னம் மட்டும் வெயிலில் கறுத்த முகம். நேற்று மத்தியானம் இந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

நேற்று மூன்று தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். விழுப்புரத்து டாக்டர், இருதயம் பெரிதாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. பேச்சும் குறைந்துபோயிருந்தது. கண்ணைக் காட்டி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். செல்போனில் செருகியிருந்த இயர்போனில் ஒரு முனை அவர் காதில் இருந்தது. மற்றதை அவள் காதில் வைக்கப் போனார். அது இரண்டு முறை கையிலிருந்து நழுவி விழுந்தது. மூன்றாவது முறை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

"தோ வருது," என்றார்.

ட்ரம் சத்தம் கேட்டது. கிதார் கேட்டது. பிறகு ஒரு வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. அவ்வளவுதான் கேட்டது.

"கேட்டுச்சா?"

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில், "என்னாத்த கேக்கறது, சும்மா இருங்க" என்பதுதான். நேற்று மட்டும், "கேட்டுச்சுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். நம்பினாரா, பாவம் எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இயர்போனைச் சுருட்டி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் விடியும்வரை தண்ணீர் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. ஆறு மணிக்கு அதுவும் நின்றது.

இருபது வருஷம் உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டவள், கடைசியாகச் சொன்னது பொய் என்பது அவளைப் போட்டு வாட்டியது. பெட்டியை மூடுவதற்குள் ஒரே ஒரு முறை அது தன் காதில் விழுந்துவிட்டால் போதும், பொய் மெய்யாகிவிடும் என்று ஒரு நினைப்பு. சாக்ஸை ஒரே இழுப்பாக இழுத்து மாட்டினாள்.

அந்தப் பாட்டு இந்த வீட்டுக்குள் வந்த கதை வேடிக்கையானது. 1993-இல், கல்யாணமான புதிதில், சவுரிராயன் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பையில் இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு துணிப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். சவுரிராயன் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரப்படுத்தி, இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் மறுபடி கை காட்டி ஏறியபோது எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு கேசட்டை எடுத்து இவர் கையில் திணித்தார். அட்டையில் கோழி கிளறியதுபோல ஏதோ எழுதியிருந்தது. யார் பாடியது, என்ன பாட்டு, எந்த ஊர்க்காரர்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. சவுரிராயனுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை.

அவராகவே பாட்டுகளுக்குப் பெயர் வைத்தார். கிதாரில் விரல் நழுவும்போது கம்பி ஒரு கணம் கீச்சிடும் பாட்டு, கீச்சுப் பாட்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிடும் பாட்டு, சிரிச்சான் பாட்டு. பாடகன் முதல் வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பானே, அது மூச்சுப் பாட்டு. முழுப் பாட்டு ஓடினாலும் அவர் காத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான். அது வந்ததும் மனிதர் அப்படியே நின்றுவிடுவார். பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் முகத்தில்கூட அக்னஸ் அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

"முதுகுல பச்சத் தண்ணிய ஊத்துன மாதிரி இருக்குடி," என்பார். "எத்தினி தடவ கேட்டாலும் ஊத்துது."

அவள் குழம்பு தாளிக்கும் நேரம் பார்த்துத்தான் அந்த நொடி வரும். "அக்னஸு, ஓடியா, தோ வருது, தோ வருது!" என்று கூடத்திலிருந்து கத்துவார். கரண்டியோடு ஓடி வருவாள். அதற்குள் அது போயிருக்கும். பின்னால் ஓட்டி மறுபடி போடுவார். அவளும் நின்று, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்பாள்.

"மூச்சு இழுக்கிறான் பாரு!"

"மூச்சு யாருதான் இழுக்கல? உங்கம்மாகூட ராவெல்லாம் வீசிங்ல இழுக்குறாங்க. அதப் போய் கேளுங்க."

சிரித்துவிடுவார். கோபம் வராது, அதுதான் அவளுக்கு எரிச்சல். மகள் பவுலின் நாலு வயதில் அதே மூச்சு வந்த இடத்தில் கையைத் தட்டிச் சிரித்தாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விருந்து நடக்கும் வீட்டுக்கு வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிறவளைப்போல அக்னஸ் அன்றைக்கு நின்றாள். அந்த வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐஸ் பெட்டிக்குள் அவரைக் கிடத்தி, கையில் செபமாலையைச் சுற்றி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியும் செபமுமாகத் தொடங்கினார்கள். பாண்டிச்சேரி நர்சிங் காலேஜிலிருந்து வந்த பவுலின் அப்பாவின் கால்மாட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அக்னஸ் பெட்டியின் கண்ணாடியில் சாய்ந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்து, அதற்குள் இயர்போனைக் காதில் செருகி மூச்சுப் பாட்டைப் போட்டாள். முதலில் ட்ரம், பிறகு கிதார், பிறகு கத்தல். மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் அதேதான் கேட்டது.

முகையூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி வெள்ளையம்மாள் முந்தானைக்குக் கீழே தொங்கிய வயரைப் பார்த்துவிட்டாள். "செபமால கேக்குது பாரு பொண்ணு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நேரத்துலயும் மாதாவ விடல."

செய்தி கூடத்தைச் சுற்றி வந்தது. அக்னஸைப் பார்த்து நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சூசை மேரிக்கு மட்டும் சந்தேகம். தம்பி பெண்டாட்டியின் பக்திக்கு எல்லை எதுவரை என்பது அவளுக்குத் தெரியும். நெருக்கியடித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு முனையை எடுத்துத் தன் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"யேசுவே! என்னாடி இது?"

"அவரோட பாட்டுக்கா."

"பொணத்த வச்சிக்கினு?"

"நேத்து எங்கிட்ட கேட்டாரு. கேட்டுச்சுன்னு பொய் சொல்லிட்டேன்." அக்னஸின் உதடு கோணிக்கொண்டது. "எனக்கு இன்னும் கேக்கலக்கா."

சூசை மேரி கண்ணாடிக்குள் தம்பியைப் பார்த்தாள். இயர்போனை அக்னஸின் காதிலேயே திருப்பிச் செருகி, முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"செபமாலையில இப்ப என்னா தேவரகசியம் ஓடுது?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

"துக்க தேவரகசியம்," என்றாள் சூசை மேரி, முகத்தில் எதையும் காட்டாமல்.

பதினோரு மணிக்குக் கண்டக்டர் மாரியப்பன் வந்தான். பத்து வருஷமாக விழுப்புரம் லைனில் சவுரிராயனோடு ஓடியவன். அந்தக் கேசட்டை விழுப்புரத்தில் ஒரு கடையில் கொடுத்து மெமரி கார்டில் ஏற்றி வாங்கி வந்ததும் அவன்தான். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றவனை அக்னஸ் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மாரி, அந்த மூச்சு. உங்களுக்கு அது கேக்குமா?"

"எனக்கு என்னா தெரியும் அண்ணி. ஆனா எப்ப வரும்னு தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "காலைல மொத நடையில ஒரே ஒரு பாட்டு போடுவாரு. பாட்ட மாத்துயான்னு பாசஞ்சருங்க சத்தம் போடுவாங்க. நான்தான் பொறுத்துக்கங்கன்னு கெஞ்சுவேன். கூட்டேரிப்பட்டு தாண்டி ரோடு சாயுது இல்ல, அந்த எடத்துக்குக் கரெக்டா வர்ற மாதிரி போடுவாரு."

"அங்க எதுக்கு?"

"எறக்கத்துல கியர நியூட்டர்ல தள்ளி, காலை எடுத்துடுவாரு. இஞ்சின் சத்தம் அப்பிடியே அடங்கிடும். வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கினு போவும். என்னாடா ஆச்சுன்னு முப்பது பேரும் தலைய தூக்குவான், ஒருத்தன் பேச மாட்டான். அப்ப வரும் அண்ணி அந்த மூச்சு. ஒரு செகண்டுதான். வந்தொடனே கியர போட்டுருவாரு."

அக்னஸ் அவனையே பார்த்தாள்.

"இவரு டீசல் மிச்சம் புடிக்கிறாருன்னு நெனச்சிக்கினுதான் மொதலாளி ஆயுத பூசையன்னிக்கு சில்வர் குடம் குடுத்தாரு."

அந்தக் குடத்தில்தான் அவள் எட்டு வருஷமாகத் தண்ணீர் பிடிக்கிறாள். இன்றைக்குக் காலையில் அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்ததும் அதில்தான். அக்னஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அழுத்தி மூடினாள். தோள் குலுங்குவதைப் பார்த்த பெண்கள் அழுகிறாள் என்று எண்ணி உரக்கக் குரலெடுத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

கோயிலுக்குக் கொண்டுபோகும்வரை கேட்டாள். மொத்தம் பதினேழு முறை. மூச்சு வருகிற இடம் இப்போது அவளுக்கு மனப்பாடம். ஆமாம், ஒருவன் மூச்சு இழுக்கிறான். அது கேட்டது. முதுகில் தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை.

பூசை முடிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி காட்டினார். கடைசியாக ஒரு முறை முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். நெற்றி ஐஸாக இருந்தது. என்னை மன்னிச்சிடுங்க என்று மனதுக்குள் சொன்னாள். சவப்பெட்டியை மூடி ஆணி இறக்கினார்கள். அதோடு முடிந்தது, பொய் பொய்யாகவே நின்றுவிட்டது என்று அக்னஸ் நினைத்தாள்.

கோயிலின் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றி, அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். டூட்டிக்கு நடுவில் வந்தவர்கள். முன்னால் பேண்டு செட். பெரிய செட் இல்லை. மூன்று ட்ரம், ஒரு கிளாரினெட், ஒரு ட்ரம்பெட். ட்ரம்பெட்காரர் தாண்டவராயனுக்கு அறுபது வயதிருக்கும். வெளுத்த சிவப்புக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. கல்லறைக்குப் போகும்போது வழக்கமாக வாசிக்கிற பாட்டைத்தான் வாசித்தார்கள். இழுத்து இழுத்து வாசித்தார்கள். கேட்கிறவர்களும் பாதிக் காதோடுதான் கேட்டார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஊர்வலம் நின்றது, பேண்டும் நின்றது. மே மாத வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. யாரோ அக்னஸின் தலைக்குமேல் குடை பிடித்தார்கள். சென்னைக்குப் போகும் ரயில் வந்தது. இத்தனை பெட்டிகளா என்று தோன்றும்படி தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் போனது. கம்பம் மேலே எழும்பத் தொடங்கியது.

ட்ரம்காரர்கள் தாளம் கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடங்க வேண்டும். தாண்டவராயன் என்ன நினைவில் இருந்தாரோ, அதற்கு முன்னாலேயே ட்ரம்பெட்டைத் தூக்கி ஊதிவிட்டார். ஒரே ஒரு சுரம். அடியில் தொடங்கி, நடுவில் பிசிறி, உடைந்து, உடைந்தபடியே மேலே ஏறியது. தனியாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. ஒரு கணம் எதுவும் இல்லை. ரயில் இல்லை, ட்ரம் இல்லை, அழுகை இல்லை. அடுத்த கணம் மூன்று ட்ரம்களும் ஒன்றாக இறங்கின.

அக்னஸின் கால் நின்றுவிட்டது.

உச்சந்தலையில் தொடங்கிய ஏதோ ஒன்று பின்கழுத்து வழியாக இறங்கி இரண்டு கைகளிலும் ஓடியது. பயம்போல இருந்தது, ஆனால் பயம் இல்லை. இந்தப் பாழாய்ப்போன வெயிலும், தாரும், காக்கிச் சட்டைகளும், எழும்பிக்கொண்டிருந்த கம்பமும் அந்த ஒரு நொடியில் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று நின்றன. இத்தனை பெரிய ஒன்று இத்தனை சின்ன இடத்தில் எப்படி அடங்கியது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. வாய் திறந்தபடி நின்றாள்.

ஏங்க, என்று திரும்பினாள். அவரிடம் சொல்லியாக வேண்டும், உடனே, ஆறிப்போவதற்குள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தபிறகுதான் தான் போய்க்கொண்டிருப்பது தள்ளுவண்டியை நோக்கி என்பது உறைத்தது.

அங்கேயே நின்றாள். குழம்பு தீய்ந்தாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் ஏன் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பது இப்போது தெரிந்தது. இதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. வந்த கையோடு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். இருபது வருஷமாக அவர் அவளிடம்தான் கொடுக்கப் பார்த்தார்.

வண்டியைத் தாண்டி, டிரைவர்களைத் தாண்டி, அவள் நேரே பேண்டுக்காரர்களிடம் போனாள். தாலி கட்டியவனின் சவத்துக்கு முன்னால் ஓடும் பெண்ணைப் பார்த்து ட்ரம்காரர்கள் கையை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஐயா, இப்ப ஊதினீங்களே."

தாண்டவராயனின் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிக்கம்மா. ரயிலு சத்தத்துல ட்ரம்மு வந்துடுச்சுன்னு எடுத்துட்டேன். முன்பல்லு ரெண்டு இல்ல, அதான் ஒடஞ்சிபோச்சு. இனிமே அப்பிடி ஆவாது."

"தப்புன்னு சொல்லலைங்க. இன்னொருவாட்டி அதே மாதிரி ஊதுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஊதினார். கவனமாக, சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. அக்னஸ் தலையை ஆட்டினாள். மறுபடி ஊதினார். இன்னும் சுத்தமாக வந்தது.

சூசை மேரி மூச்சு வாங்க ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "நடுரோட்டுல என்னாடி பண்ற? எல்லாரும் பாக்குறாங்க."

அக்னஸ் கையை நீட்டிக் காட்டினாள். மே மாத வெயிலில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒவ்வொரு மயிரும் நட்டுக்கொண்டு நின்றது. சூசை மேரி அதைப் பார்த்தாள். காய்ச்சலா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, என்ன புரிந்ததோ, தோளிலிருந்த பிடியைத் தளர்த்தினாள்.

தாண்டவராயன் ட்ரம்பெட்டைக் கவிழ்த்து உள்ளே இருந்த எச்சில் நீரை ரோட்டோரம் வடித்தார். துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என்னா வேணும்னு எனக்குப் புரியலம்மா."

"எனக்கும் சொல்லத் தெரியலைங்க. நீங்க வாசிச்சிக்கினே வாங்க. நான் இப்பிடியே கூட வர்றேன்."

அவர் ட்ரம்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். கம்பம் முழுதாக மேலே போய் நின்றிருந்தது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் லாரிகளும் பஸ்களும் பைக்குகளும் வரிசையாக நின்றன. இஞ்சின்களை அணைத்துவிட்டு ஓட்டுநர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.